எதுக்கு சார் மடக்குனீங்க?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு, மாடு ஓட்டிக்கொண்டு போகிறவருக்கும் ஓர் அதிகாரம் தருகிறது. எதிரே வரும் வண்டியைக் கண்டு தன் மாடு மிரண்டு கட்டுமீறிவிடும் என்று அவர் அஞ்சினால், வண்டியை நிறுத்தச் சொல்லலாம். ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். விபத்து நடந்திருந்தால், எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத சீருடை அதிகாரி வண்டியை நிறுத்தி வைக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இரண்டிலுமே காரணம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் ஓட்டுநர் தன் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்கிற இடத்தில், கேட்பவரும் தன் பெயர் முகவரியைத் தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். யாரோ யோசித்து எழுதிய பிரிவு அது.

அதற்கு இரண்டு பிரிவு முன்னால் இருக்கிறது 130. பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவர், சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது அது. எதற்காகக் கேட்கிறேன் என்று காவலர் சொல்ல வேண்டுமா? அதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. தமிழ்நாட்டின் சாலைகளில் தினமும் நடக்கும் வாகனத் தணிக்கையில் பெரும்பகுதி இந்த ஒரு பிரிவின்மேல்தான் நிற்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மேம்பாலம் இறங்கும் இடத்தில் இரண்டு பேரிகார்டுகளைச் சாய்த்துப் போட்டு செக்கிங் நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஸ்ப்ளெண்டர். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், ஹெல்மெட் போட்டிருந்தார், டேங்க் மேல் ஒரு சின்னப் பெண். காவலர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கை நீண்டு சாவியைத் திருகி எடுத்துவிட்டது.

“ஓரமா போடு.”

“எதுக்கு சார்?”

“எங்கேர்ந்து வர்ற?”

“மாமியார் வீட்லேர்ந்து சார். எதுக்கு சார் நிறுத்துனீங்க?”

“குடிச்சிருக்கியா?”

“இல்ல சார், பாப்பா இருக்கு சார்.”

“ஆர்.சி. எடு.”

பத்து நிமிடம் கழித்துச் சாவி திரும்பி வந்தது. “கெளம்பு” என்றார்கள். அந்தப் பத்து நிமிடமும் அந்த மனிதர் செய்துகொண்டிருந்ததுதான் என் கண்ணில் நிற்கிறது. குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பின் லைட்டைத் தட்டிப் பார்த்தார். இண்டிகேட்டரை இரண்டு பக்கமும் போட முயன்று, சாவி இல்லாததால் எரியவில்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். இன்சூரன்ஸ் தேதியை போன் வெளிச்சத்தில் பார்த்தார். தன்மேல் என்ன தப்பு என்று அவரே தேடிக்கொண்டிருந்தார். சாவி கைக்கு வந்த பிறகும் அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

தப்பை ஓட்டுநரே தேடிச் சொல்லட்டும் என்று விடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அதற்கென்று ஒரு கேள்வியே தேய்ந்து பழகிப் போயிருக்கிறது: “உங்களை ஏன் நிறுத்தினேன் தெரியுமா?” கேட்பதற்கு மரியாதையான கேள்வி. ஆனால் “கொஞ்சம் வேகமா வந்துட்டேனோ” என்று ஓட்டுநர் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். சட்டையில் மாட்டியிருக்கும் கேமராவில் அது பதிவாகும், நாளை நீதிமன்றத்தில் வரும். போலீஸ் பின்னால் விளக்கைப் போட்டதும் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பவரிடம் முதல் வார்த்தையாக அதைக் கேட்பது, அவர் வாயாலேயே வழக்கைக் கட்டும் வேலை.

இந்தக் கேள்வியைச் சட்டம் போட்டு நிறுத்திய மாநிலங்கள் உண்டு. கலிபோர்னியாவில் சட்டமன்ற உறுப்பினர் கிறிஸ் ஹோல்டன் கொண்டுவந்த மசோதா 2022-இல் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வண்டியையோ நடந்து போகிறவரையோ நிறுத்தும் அதிகாரி, குற்றம் பற்றியோ போக்குவரத்து மீறல் பற்றியோ கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு முன்பாக நிறுத்திய காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். அதே காரணத்தை அபராதச் சீட்டிலும் அறிக்கையிலும் எழுத வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் மட்டும் விலக்கு. ஆள்கடத்தல், பயங்கரவாதம் போன்றவற்றைச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. மினசோட்டா 2024-இல் இன்னும் நேராகவே எழுதியது: நிறுத்திய காரணம் தெரியுமா என்று ஓட்டுநரிடம் கேட்கக் கூடாது, அதிகாரிதான் சொல்ல வேண்டும்.

கலிபோர்னியச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது “முன்பாக” என்கிற அந்த ஒரு சொல். கடைசியில் சீட்டு கிழிக்கும்போது காரணம் எப்படியும் தெரிந்துவிடும், அதற்கு ஒரு சட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. காரணம் முதலில் வந்தால், அதற்குப் பின் வரும் கேள்விகள் அந்தக் காரணத்துக்குள் நிற்க வேண்டும். “பின் லைட் எரியல” என்று தொடங்கியவர் “டிக்கில என்ன வெச்சிருக்க, போன குடு, யார் கூட வர்ற” என்று போனால் அந்தத் தாவல் எல்லோருக்கும் தெரியும். கேள்விகள் முதலில் வந்து காரணம் கடைசியில் வந்தால், பதில்களில் எது சிக்குகிறதோ அதுவே காரணமாகிவிடும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்திருக்கிறது. நெப்ராஸ்காவில் நெடுஞ்சாலையின் ஓரப்பகுதியில் வண்டி ஏறியது என்று ஒருவரை நிறுத்தினார் ஓர் அதிகாரி. எச்சரிக்கைச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்தது. அதன் பிறகு ஏழெட்டு நிமிடம் காக்க வைத்து மோப்ப நாயைக் கொண்டு சுற்றினார். நிறுத்திய காரணத்துக்கான வேலை முடியும் நேரத்தைத் தாண்டி, புதிய சந்தேகம் எதுவும் இல்லாமல் ஒருவரை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. அப்படியானால் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதை அளக்கும் கடிகாரமே காரணம்தான். அது என்னவென்று தெரியாத ஓட்டுநருக்கு, தான் விடுபட வேண்டிய நேரம் எப்போது கடந்தது என்று எப்படித் தெரியும்?

ஆனால் அமெரிக்க அரசமைப்புச் சட்டம் காரணத்தைச் சொல்லச் சொல்கிறதா என்றால், இல்லை. அங்கே காரணம் இருக்க வேண்டும், சொல்ல வேண்டியதில்லை. காரணமே இல்லாமல் மனம்போன போக்கில் ஒரு வண்டியைத் தேர்ந்து நிறுத்துவது செல்லாது என்று 1979-இல் டெலவேர் வழக்கொன்றில் தீர்ப்பானது. 1996-இல் வாஷிங்டன் நகர வழக்கில், சாலை விதி ஒன்று மீறப்பட்டிருந்தால் போதும், அதிகாரியின் மனதில் உண்மையில் இருந்த நோக்கம் எதுவானாலும் நிறுத்தியது செல்லும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2004-இல், கைது செய்யும்போதே காரணத்தைச் சொல்வது நல்ல போலீஸ் வழக்கம்தான், ஆனாலும் அரசமைப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை என்றார் நீதிபதி ஸ்காலியா. வண்டி ஓட்டும் யாரும் ஏதாவது ஒரு சின்ன விதியை மீறாமல் பத்து கிலோமீட்டர் போவது கடினம் என்பது போலீஸுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மூன்று தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் யாரையும் நிறுத்தலாம், காரணம் ஒன்று எப்படியும் கிடைக்கும், அதைச் சொல்லவும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த ஓட்டையை மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் அடைக்கப் பார்க்கின்றன.

அடைபடுகிறதா? பிலாண்டோ காஸ்டீல் என்பவரின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றில் குழந்தைகளுக்கு உணவு பரிமாறும் வேலை பார்த்தவர், கறுப்பினத்தவர். 2016 ஜூலை 6 இரவு, பக்கத்துப் புறநகரில் அவர் காரை நிறுத்திய அதிகாரி பிரேக் லைட் எரியவில்லை என்று காரணம் சொன்னார். காரணம் முறைப்படி சொல்லப்பட்டது. ஆனால் நிறுத்துவதற்குச் சற்று முன் அதே அதிகாரி வயர்லெஸ்ஸில், காரில் இருப்பவர்கள் ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படுகிறவர்களைப் போல இருக்கிறார்கள் என்று பேசியிருந்தார்; ஓட்டுநரின் மூக்கு அகலமாக இருப்பதை அடையாளமாகச் சொல்லியிருந்தார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை காஸ்டீல் தாமாகவே தெரிவித்தார். அதற்கு அவரிடம் உரிமம் இருந்தது. சில நொடிகளில் சுடப்பட்டார். பின்னிருக்கையில் ஒரு குழந்தை இருந்தது. அதிகாரியை 2017-இல் ஜூரி விடுவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் காஸ்டீல் 40-க்கும் மேற்பட்ட முறை சாலையில் நிறுத்தப்பட்டவர் என்பது பிறகு பதிவேடுகளிலிருந்து தெரிய வந்தது.

சொல்லப்பட்ட காரணம் வேறு, மனதில் இருந்த காரணம் வேறு. காரணம் சொல்லும் சட்டத்தை எதிர்ப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்: எதையாவது சொல்லிவிட்டுப் போகப் போகிறார்கள், இதனால் என்ன பயன்? நியாயமான கேள்வி. ஆனால் இதே வழக்கில் இரண்டு காரணமும் பதிவாகியிருந்ததால்தான் அவற்றுக்கு இடையிலிருந்த தூரம் வெளியே தெரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வாயால் சொன்ன காரணம் பொய்யாக இருக்கலாம். ஆனால் பொய் என்று காட்டுவதற்கு முதலில் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். அந்த ஸ்ப்ளெண்டர்காரரிடம் சொல்லப்பட்ட காரணம் பொய்யா மெய்யா என்று யாராலும் ஆராய முடியாது, ஏனென்றால் எதுவுமே சொல்லப்படவில்லை.

கலிபோர்னியா இந்தச் சட்டத்துக்கு முன்பே இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தது. 2015-இல் போட்ட ஒரு சட்டத்தின்படி, ஒவ்வொரு நிறுத்தலையும் காரணத்தோடும் நிறுத்தப்பட்டவரின் இனம், வயது, பால் போன்ற விவரங்களோடும் காவல் துறைகள் மாநில அரசுக்கு அறிக்கை தர வேண்டும். சீட்டு கொடுக்காமல் விட்டவர்களும் கணக்கில் வருவார்கள். 2022 ஒரே ஆண்டில் இப்படிப் பதிவானவை 45 லட்சத்துக்கும் மேல். கறுப்பினத்தவர் மக்கள் தொகையில் இருக்கும் பங்கைவிட அந்தக் கணக்கில் அவர்களின் பங்கு மிக அதிகம் என்பது ஆண்டுதோறும் தெரிந்துவருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 2022 மார்ச்சில், சில்லறை மீறலைச் சாக்காக வைத்து வேறு விசாரணைக்காக நிறுத்துவதைக் கட்டுப்படுத்தி, காரணத்தை கேமரா முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தது. பிலடெல்பியா நகரமும் வர்ஜீனியா மாநிலமும் இன்னும் ஒரு படி மேலே போய், சில சின்ன மீறல்களுக்காக நிறுத்தவே கூடாது என்று ஆக்கின.

அமெரிக்கச் சட்டங்களின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. காரணம் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? மினசோட்டாச் சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: அதனால் சாட்சியம் தள்ளுபடி ஆகாது, வழக்கும் தள்ளுபடி ஆகாது. கலிபோர்னியாச் சட்டத்திலும் மீறியதற்கு விளைவு எதுவும் எழுதப்படவில்லை. பயிற்சிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அது அடிப்படையாகலாம், அவ்வளவுதான்.

இதில் இங்கிலாந்து முந்திக்கொண்டது, ஆனால் பாதி தூரம்தான். அங்கே இந்தக் கேள்விக்கு வேர், லிவர்பூலில் 1942-இல் ஒரு துணிக்கட்டு தொடர்பாகக் கைதான லீசின்ஸ்கி என்ற வியாபாரியின் வழக்கு. போலீஸ் அவரிடம் ஒரு சட்டத்தைச் சொல்லிக் கைது செய்தது. அந்தச் சட்டத்தின்படி வாரண்ட் இல்லாமல் அவரைக் கைது செய்ய முடியாது. பிறகு நீதிமன்றத்தில், திருட்டுச் சந்தேகம் எங்கள் மனதில் இருந்தது, சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று வாதாடிப் பார்த்தது. 1947-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. எதற்காகத் தன் சுதந்திரம் பறிக்கப்படுகிறது என்பதை, உண்மையான காரணத்தை, அந்த மனிதரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாத கைது சட்டவிரோதக் காவல் என்றது. மனதில் வைத்திருந்தேன் என்பது காரணம் ஆகாது என்று அன்றே தீர்ந்த விஷயம் இது.

1984-ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் இந்தக் கொள்கையைக் கைதிலிருந்து சாலையோரச் சோதனைக்கும் கொண்டுவந்தது. ஒருவரையோ வண்டியையோ சோதனை போடுவதற்கு முன் காவலர் தன் பெயர், தன் காவல் நிலையம், எதைத் தேடுகிறார், எதை வைத்துச் சந்தேகப்படுகிறார், சோதனைப் பதிவின் நகலைப் பெறும் உரிமை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஒன்று விட்டாலும் சோதனை செல்லாது. 1999-இல் லண்டன் வழக்கொன்றில், பெயரையும் நிலையத்தையும் சொல்லாமல் அதிகாரிகள் நடத்திய சோதனை சட்டப்படியானதே இல்லை என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. மினசோட்டாவில் இல்லாத பல் இங்கே இருக்கிறது. ஆனால் அதே இங்கிலாந்தில், 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 163-ஆவது பிரிவின்படி, சீருடைக் காவலர் கைகாட்டினால் வண்டியை நிறுத்த வேண்டும், காரணம் தேவையில்லை. டிக்கியைத் திறக்க அத்தனையும் சொல்ல வேண்டிய காவலர், வண்டியை நிறுத்துவதற்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கனடாதான் இந்த விஷயத்தில் நேராக யோசித்தது என்பது என் எண்ணம். அங்கே உரிமைப் பட்டயத்தின் 10-ஆவது பிரிவு, கைதானாலும் சரி, தடுத்து நிறுத்தி வைக்கப்பட்டாலும் சரி, காரணத்தை உடனே சொல்ல வேண்டும் என்கிறது. சாலையில் சில நிமிடம் நிறுத்துவதும் தடுத்து வைப்பதுதான் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அங்கே காரணம் கேட்பது ஓட்டுநரின் அரசமைப்பு உரிமை. இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எந்தச் சந்தேகமும் இல்லாமல் நிறுத்தலாம் என்று 1990-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதே நீதிமன்றம் அனுமதித்தது. அதனால் “லைசென்ஸ் பார்க்க” என்று சொன்னாலே காரணம் சொன்னதாகிவிடும். கியூபெக்கில் ஒரு கறுப்பின இளைஞர் ஒரு சீட்டுகூட வாங்காமல் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2022-இல் அந்த மாகாண நீதிபதி, இப்படிக் காரணமின்றி நிறுத்தும் அதிகாரமே செல்லாது என்றார்; 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 22(1) பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும் என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 50-ஆவது பிரிவாக இருந்தது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 47-ஆவது பிரிவாக நிற்கிறது. கடந்த சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இதைப் படிப்படியாக இறுக்கியிருக்கிறது. 2023-இல் பங்கஜ் பன்சால் வழக்கில் பணமோசடித் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கும், 2024-இல் பிரபிர் புர்காயஸ்தா வழக்கில் ஊபா கைதுகளுக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது. 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் எழுத்தில் தர வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது. உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது அது கைக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கடைசித் தீர்ப்பு எந்த வழக்கில் வந்தது தெரியுமா? மும்பை ஒர்லியில் 2024 ஜூலையில் ஸ்கூட்டரில் போன பெண் ஒருவரை கார் மோதிக் கொன்ற வழக்கில். ஒரு சாலை வழக்கிலிருந்து பிறந்த உரிமை அது. ஆனால் சாலையில் நிற்கும் யாருக்கும் அது பொருந்தாது, ஏனென்றால் மடக்குவது கைது இல்லை.

அந்த ஸ்ப்ளெண்டர்காரர் பத்து நிமிடம் நகர முடியாமல் நின்றார். சாவி அவரிடம் இல்லை. விட்டுவிட்டு நடந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கைதாகவில்லை என்கிறது சட்டம். இலங்கையிலும் இதே நிலைதான்: 1978 அரசமைப்பின் 13(1) உறுப்புரை, கைதானவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது, போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற தமிழர்களில் பெரும்பாலானோர் சட்டத்தின் கணக்கில் கைதானவர்கள் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் துளித்துளியாகக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஊதச் சொல்லும் 203-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான முகாந்திரம் இருந்தால்தான் மூச்சுச் சோதனை என்கிறது அது. வரிசையில் வருகிற எல்லோர் வாயிலும் கருவியை நீட்டுவதற்கு அந்த வாசகம் இடம் கொடுக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்கிறது 206. வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் 207-இல் இருக்கிறது. பதிவு, பெர்மிட், லைசென்ஸ் போன்றவை இல்லாத வண்டிகளுக்கு. பேசத் தொடங்குவதற்கு முன்பே சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் எந்தப் பிரிவிலும் இல்லை. அதே நேரத்தில் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: காரணம் சொல்லவில்லை என்பதற்காக நிற்காமல் போக ஓட்டுநருக்கு உரிமை கிடையாது. சட்டப்படியான உத்தரவை மீறினால் 179-இன்கீழ் 2,000 ரூபாய் வரை அபராதம்.

2021 ஆகஸ்டில் மத்திய அரசு சேர்த்த 167-ஏ விதியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேமரா பிடித்து அனுப்பும் சலானைப் பற்றியது அது. மீறலைத் தெளிவாகக் காட்டும் படம், நம்பர் பிளேட், நாள், நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு எல்லாம் அந்தச் சலானில் இருக்க வேண்டும். நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று அப்போது வைத்தார்கள். அங்கே கேமரா இருக்கிறது என்று சாலையில் முன்கூட்டியே பலகையும் வைக்க வேண்டும். கம்பத்தில் தொங்கும் கருவி காரணத்தைப் படத்தோடு சொல்ல வேண்டும் என்று விதி எழுதத் தெரிந்த அரசு, கம்பத்துக்குக் கீழே நிற்கும் மனிதர் வாயால் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை.

இதன் விலை என்ன? 2018 மார்ச் 7 இரவு, திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைக் காவல் ஆய்வாளர் விரட்டிப் போனார். அவர் பைக்கை எட்டி உதைத்ததில் கீழே விழுந்து அந்தப் பெண் இறந்தார் என்று ஆய்வாளர் கைதானார். திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் கூடி மறித்தார்கள். 2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சேலம் மாவட்டச் சோதனைச் சாவடி ஒன்றில் மடக்கப்பட்ட மளிகைக்கடைக்காரர் லத்தியால் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைதானார். ஒரு வாக்கியம் காரணம் சொல்லியிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் சம்பவத்தில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. 100 ரூபாய் அபராதத்துக்காக ஒரு மனிதர் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏன் வேகத்தைக் கூட்டுகிறார்? நின்றால் என்ன நடக்கும், எவ்வளவு நேரமாகும், எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாது. தெரியாததுதான் பயம். அந்த ஹெல்மெட் அபராதம் 2022 அக்டோபரில் 1,000 ரூபாய் ஆகிவிட்டது. பயமும் அதற்கேற்ப வளர்ந்திருக்கும். ஹெல்மெட் போடாதவரை விரட்டிப் பிடிக்கக் கூடாது, கேமராவையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் சொன்னது அந்தப் பயத்தைப் புரிந்துகொண்ட தீர்ப்பு.

பேரம் நடக்கும் இடமும் இதுவே. காரணம் சொல்லப்படாதவரை தொகையும் நிச்சயமில்லை. “கேஸ் போட்டா கோர்ட்டுக்கு அலையணும், பாத்துக்க” என்கிற வாக்கியத்தில் எந்தக் கேஸ் என்பது வராது. பிரிவு எண் வாயிலிருந்து வந்துவிட்டால் அதற்கான தொகையும் வந்துவிடும். அப்புறம் பேச ஒன்றும் இல்லை.

காவலர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம், சில நாள் பன்னிரண்டு மணி நேரம், புகையிலும் வெயிலிலும் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் வரிசை மேம்பாலம் வரை நிற்கும் என்று எனக்குத் தெரிந்த ஓர் ஏட்டு சொன்னார். “காரணம் சொன்னா உடனே வாதாடுவாங்க சார், வக்கீல் மாதிரி” என்றும் சொன்னார். கொலை செய்துவிட்டு ஒருவன் காரில் தப்பி வருகிறான் என்று தகவல் வந்து எல்லா வண்டியையும் நிறுத்தும்போது காரணத்தை உரக்கச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அதற்குத்தான் கலிபோர்னியச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. மற்றபடி, குறிப்பிட்ட காரணம் இல்லாத பொதுத் தணிக்கை என்றால் அதையே சொல்லலாமே. “ஜெனரல் செக்கிங் சார், லைசென்ஸ் காட்டுங்க.” இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் கேட்ட ஓட்டுநர் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்க்க மாட்டார்.

ஏட்டு சொன்ன வாதாடும் பிரச்சினைக்கு என்னிடம் முழு பதில் இல்லை. சிலர் வாதாடத்தான் செய்வார்கள். ஆனால் சென்ற தை மாதம் என்னையே ஒருவர் நிறுத்தினார். வேறு ஊர், இளம் காவலர், புதிதாகச் சேர்ந்தவர் போலிருந்தார். சாவியைத் தொடவில்லை. “சார், உங்க பின் லைட் எரியல, லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது” என்றார். எனக்கு வாதாடத் தோன்றவே இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன், எரியவில்லை. டிஜிலாக்கரில் லைசென்ஸைக் காட்டினேன். 2018-இல் விதியைத் திருத்திய பிறகு போனில் காட்டினாலே போதும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அபராதம் போட்டார், சீட்டில் அதே காரணம் இருந்தது. மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

அவரைப் போன்றவர் எதிர்ப்படுவது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது என்றால் 130-ஆவது பிரிவில் ஒரு வரி சேர வேண்டும்: லைசென்ஸைக் கேட்பதற்கும் வேறு எதையும் கேட்பதற்கும் முன், நிறுத்திய காரணத்தை ஓட்டுநருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மத்தியச் சட்டம் திருந்தக் காத்திருக்க வேண்டியதில்லை; மாநிலக் காவல்துறைத் தலைவரின் சுற்றறிக்கையே இதைத் தொடங்கிவிடலாம். அதோடு பதிவும் வேண்டும். இப்போது சலானில் முடியும் நிறுத்தல்களுக்கு மட்டும்தான் தடம் இருக்கிறது. “கெளம்பு” என்று முடிகிறவை எத்தனை, எங்கே, யாரை, எதற்காக என்று எந்தக் கணக்கிலும் இல்லை. சலான் போடும் கையடக்கக் கருவி ஏற்கெனவே அவர்கள் இடுப்பில் தொங்குகிறது. அபராதம் இல்லாமல் விட்டவருக்கும் அதில் ஒரு பதிவு போட்டு, நேரமும் காரணமும் சேர்த்து, அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு 9.40, மேம்பாலம் இறக்கம், பொதுத் தணிக்கை, மீறல் எதுவுமில்லை. அந்த ஸ்ப்ளெண்டர்காரருக்கு வர வேண்டியது இவ்வளவுதான்.